விலைக்கு வாங்கிய ரகசியங்கள்

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் பில் போடும் இடத்தை ஒட்டி, சூயிங்கம் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள் 'நேஷனல் என்கொயரர்' வார இதழை. நடிகர்களின் விவாகரத்தும் பாடகிகளின் உடல் எடையும்தான் அதன் சரக்கு. தகவல் தருகிறவருக்குக் காசு கொடுப்பது அதன் வழக்கம். மதிப்புள்ள நாளேடுகள் அதைச் செய்வதில்லை. நட்சத்திரங்களைத் துரத்தப் பிறந்த இந்த வழக்கம் அரசியல்வாதிகளின் படுக்கையறை வரை வந்தது நல்லதா என்று கேட்டால், ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது.

நல்லது நடந்ததை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதிபர் கென்னடியின் பெண் தொடர்புகள் வாஷிங்டன் நிருபர்கள் பலரின் காதுக்கு எட்டியும் அச்சேறவில்லை. அந்த மௌனத்தை நாகரிகம் என்று புகழ என்னால் முடியாது. அது அதிகாரத்துக்கு அருகில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் காத்துக்கொண்ட ஏற்பாடு. அப்படிப்பட்ட மௌனத்தை என்கொயரர் உடைத்த கதை ஒன்று உண்டு. 2004இல் துணை அதிபர் வேட்பாளராக நின்ற ஜான் எட்வர்ட்ஸ், அடுத்த தேர்தலில் அதிபர் பதவிக்கே முயன்றபோது, திருமணத்துக்கு வெளியே அவருக்கிருந்த உறவை 2007 அக்டோபரில் என்கொயரர் எழுதியது. அவர் மறுத்தார். பெரிய பத்திரிகைகள் கிசுகிசு என்று ஒதுங்கிக்கொண்டன. 2008 ஜூலையில் பெவர்லி ஹில்டன் ஓட்டலில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் என்கொயரர் நிருபர்கள் அவரை மடக்கினார்கள். ஆகஸ்டில் தொலைக்காட்சியில் உறவை ஒப்புக்கொண்டார். அவருடன் உறவிலிருந்த பெண்ணை மறைத்து வைக்கப் பணக்கார ஆதரவாளர்கள் இருவர் லட்சக்கணக்கான டாலர் செலவழித்தது பின்னர் வெளிவந்தது. அந்தப் பணம் தொடர்பான 2012 வழக்கில் ஒரு குற்றச்சாட்டிலிருந்து எட்வர்ட்ஸ் விடுவிக்கப்பட்டார். மற்றவற்றில் ஜூரிகள் உடன்படவில்லை. சட்டம் என்ன சொன்னாலும், அதிபராக வரத் துடித்த ஒருவருக்காக யார் யார் பணம் இறைத்தார்கள் என்பது வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. அதற்கு வழி திறந்தது கிசுகிசுப் பத்திரிகைதான்.

ஆனால் காசு கொடுத்து வாங்கிய கதை வாங்கியவரின் சொத்தாகிவிடுகிறது. சொத்தை விற்கலாம், பூட்டியும் வைக்கலாம். 2015 ஆகஸ்டில், அதிபர் தேர்தலில் இறங்கியிருந்த டிரம்பைச் சந்தித்த என்கொயரரின் அப்போதைய பதிப்பாளர் டேவிட் பெக்கர், அவருக்கு எதிரான கதைகளைக் கண்காணித்துச் சொல்வதாக வாக்களித்தார். மறுவருடம் முன்னாள் பிளேபாய் மாடல் ஒருவருக்கு 1,50,000 டாலர் கொடுத்து, டிரம்புடன் தனக்கு உறவு இருந்ததாக அவர் சொன்ன கதையை வாங்கினார்கள், அச்சிடவில்லை. உடற்பயிற்சி பற்றிய பத்திகளும் அட்டைப்படமும் அவருக்குத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதினார்கள். நோக்கம் தேர்தலில் பாதிப்பு வராமல் காப்பதே என்று 2018இல் என்கொயரரை நடத்திய நிறுவனமே அரசு வழக்கறிஞர்களிடம் ஒப்புக்கொண்டது. டிரம்ப் உறவை மறுக்கிறார்.

எட்வர்ட்ஸை விரட்டிய அதே இதழ்தான் இது. விதி மாறவில்லை, யாருக்கு நண்பர் என்பது மட்டும் மாறியது. நட்சத்திரத் தொழிலில் இது பழைய பழக்கம்: ஒரு செய்தியை அமுக்குவதற்குப் பதிலாக வேறொரு பேட்டி, ஓர் அட்டைப்படம். நடிகர் விஷயத்தில் நஷ்டம் ரசிகருக்கு. அரசியலில் வாக்குச் சீட்டு வைத்திருப்பவருக்கு. கதையை விற்ற அந்த மாடலின் நிலையோ இன்னும் மோசம். தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் உரிமையைத் திரும்பப் பெற 2018இல் அவர் வழக்குத் தொடுத்து, சமரசம் பேசி மீள வேண்டியிருந்தது.