கல்லைப் படம் பிடித்தவர்கள்

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பக்கம் லாகாக் என்றொரு பழைய கிராமம். லண்டன் பயணத்தோடு அதையும் பார்த்துவரும் நம்மவர்கள், ஹாரி பாட்டர் படத்தில் வந்த மடத்துத் தாழ்வாரத்தைத் தேடித்தான் பெரும்பாலும் போகிறார்கள். 1232இல் ஈலா என்ற சீமாட்டி கன்னியருக்காக எழுப்பிய மடம் அது. பின்னாளில் டால்பட் குடும்பத்தின் வீடாயிற்று. அதன் வெளிச்சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு ஜன்னலை யாரும் அதிகம் பொருட்படுத்துவதில்லை. கேமரா பிடிக்கத் தெரிந்தவர்கள் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

1835 ஆகஸ்டில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் அந்த ஜன்னலைக் காகித நெகட்டிவில் பதித்தார். அஞ்சல்தலை அளவுதான் படம். (அவருக்கு ஓவியம் வராது. இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் வரையப் பார்த்துச் சலித்துப்போனதில்தான் இந்த யோசனையே பிறந்தது.) அந்தத் துண்டுக் காகிதத்தைப் பற்றி அவர் குறித்துவைத்தது, பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் ஜன்னலின் ஏறக்குறைய இருநூறு சில்லுகளையும் எண்ணிவிடலாம் என்பதைத்தான். அழகைப் பற்றிய பேச்சே இல்லை. பழங்கட்டடத்தைப் படமெடுப்பவருக்கு அதைவிட நல்ல அளவுகோல் பிறகும் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. படத்தில் எண்ண முடிகிறதா, படிக்க முடிகிறதா?

இந்தக் காகித நெகட்டிவ் மரபு தமிழ்நாட்டுக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றி எடுத்த படங்கள் தொகுதிகளாக வந்தன. எல்லாவற்றிலும் பெரிய காரியம் தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்தது. விமானத்தின் அதிட்டானத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். எழுத்துகள் தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டுக்கும் கேமரா சுவரிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் வெட்டின் பள்ளத்தில் நிழல் தங்கும். உச்சி வெயிலில் எழுத்து மழுங்கிவிடும். அந்தக் கல்வெட்டுகளின் பாடம் கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷின் பதிப்பில் அச்சேறத் தொடங்கியது 1891இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேமராவைக் கொண்டு அவற்றைப் பிரதி எடுக்க முனைந்தார் என்பது சாதாரண விஷயமல்ல. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன் இதையெல்லாம் ஆடம்பரச் செலவென்று நிறுத்திவிட்டார்.

டிரைப்பும் கைச்சரக்கு சேர்த்தவர்தான். அந்தக் கால ரசாயனத்தில் வானம் வெறும் வெள்ளையாக விழும் என்பதால், சில நெகட்டிவ்களில் மேகங்களைத் தூரிகையால் தீட்டினார். கல்லில் கை வைக்காதவரை நான் அதை மன்னித்துவிடுவேன்.

அடுத்து வந்த சித்திரப் பாணிக்காரர்களிடம் எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. படம் ஓவியம்போல் இருக்க வேண்டும் என்று லென்ஸை மங்கவிட்டு, பிரதியில் தூரிகை இழுத்தார்கள். அவர்களோடு சேர்த்துப் பேசப்படும் ஃபிரெடெரிக் எவன்ஸ் மட்டும் விதிவிலக்கு. வெல்ஸ் தேவாலயத்தின் தேய்ந்த படிக்கட்டுகளை அலைகளைப்போல அவர் எடுத்த 1903ஆம் ஆண்டுப் படத்தில் உணர்ச்சியும் இருக்கிறது, ஒவ்வொரு படியின் தேய்மானமும் இருக்கிறது. நெகட்டிவில் ஒட்டுவேலை கூடாது என்பதில் பிடிவாதக்காரர். அவர் படம் அச்சிட்டுவந்த பிளாட்டினத் தாள் கிடைப்பது அரிதானபோது வேறு தாளுக்கு மாறாமல் தொழிலையே குறைத்துக்கொண்டார்.

மங்கல் பாணிக்கு எதிர்ப்பு நம் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்தே கிளம்பியது. ஓக்லாந்தில் வில்லர்ட் வான் டைக்கின் கூடத்தில் கூடியவர்கள், 1932 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ டி யங் அருங்காட்சியகத்தில் எஃப்/64 குழுவாகக் காட்சி வைத்தார்கள். ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் எல்லாரும் அதில் உண்டு. லென்ஸின் துளையை ஊசிமுனையாகக் குறுக்கினால் அருகிலிருப்பதும் தொலைவிலிருப்பதும் ஒருசேரத் தெளியும். குழுவின் பெயரே அந்தத் துளையளவுதான். அவர்கள் குடைமிளகாயையும் பாறையையும் மரத்தையும் எடுத்தவர்கள், கட்டடக்காரர்கள் அல்லர். ஆனாலும் கலிஃபோர்னியாவின் கார்மல் மிஷன் என்ற பழைய தேவாலயத்தின் சுவர்முன் ட்ரைபாட் நிறுத்தும் எவரும் அவர்களுக்குக் கடன்பட்டவரே.

மறு ஆண்டே, 1933இல், அமெரிக்க அரசு வேலையிழந்த கட்டடக் கலைஞர்களைக் கொண்டு வரலாற்றுக் கட்டட அளவைத் திட்டத்தைத் தொடங்கியது. டெக்சாஸின் சான் ஆன்டோனியோ மிஷன்களும் சான் ஃபிரான்சிஸ்கோவின் டொலோரஸ் மிஷனும் அதில் உண்டு. அதன் விதிகள் கறாரானவை. நெட்டுக்கோடுகள் சாயக் கூடாது. பெரிய ஃபிலிம் வேண்டும். நெகட்டிவ் 500 ஆண்டு தாங்க வேண்டும். அழகைப் பற்றி விதி இல்லை. ஆனாலும் பல படங்கள் அழகாகவே வந்திருக்கின்றன. காங்கிரஸ் நூலகத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அந்தி வானத்துக்கு ஆரஞ்சு ஏற்றி, அதன் முன்னால் நிற்கும் கோயிலைக் கறுப்பு நிழலாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் ஒருமுறையாவது அவற்றைப் பார்க்க வேண்டும்.

நம் வளைகுடாப் பகுதியிலேயே ஒரு மடத்தின் கதை உண்டு. ஸ்பெயினில் 12ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட ஓவிலா மடத்தை 1931இல் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் வாங்கிக் கல் கல்லாகப் பிரித்துக் கப்பலேற்றினார். பணமுடையில் திட்டம் படுத்தது. பெட்டிகள் கோல்டன் கேட் பூங்காவில் கிடந்தன. தீ விபத்துகளில் மரப்பெட்டிகளோடு அடையாளக் குறிகளும் போயின. எந்தக் கல் எந்த வளைவுக்கு என்பது குழம்பிப்போயிற்று. எஞ்சியவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பட்டியலிட வேண்டியதாயிற்று. 1994இல் அவை வடக்கே வைனாவிலுள்ள நியூ கிளேர்வோ துறவிகளிடம் போய், அவர்களுடைய சபைக்கூடமாக மறுபடி எழுந்தன. பூங்காவின் தாவரவியல் தோட்டத்தில் இன்னும் சில கற்கள் கிடக்கின்றன. காலைப் பனிமூட்டம் விலகி வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால், உளித்தடம் ஃபோனிலும்கூடத் தெளிவாக விழும்.