மூன்றாவது கிளாஸ் வரை

கெக் என்னும் பீர்ப் பீப்பாயிலிருந்து ஊற்றும் முதல் கிளாஸில் வெண்ணெய் மணம் அடித்தால் உடனே பீரைப் பழிக்கக் கூடாது. இரண்டாவது கிளாஸையும் மூன்றாவதையும் ஊற்றி முகர வேண்டும். மூன்றாவதில் மணம் போய்விட்டால் பீர் நல்ல பீர்தான். அழுக்கு குழாயில் இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களிடம் நான் மிகவும் மதிப்பது இந்த நிதானத்தைத்தான். கெட்ட மணம் எங்கே பிறந்தது என்று மூக்கைக் கொண்டே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதித்து 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இவர்களுக்கு வழி திறந்துவிட்டது. குளிர்பானக் கம்பெனிகள் கழித்துப்போட்ட 19 லிட்டர் எவர்சில்வர் கெக்குகள் பின்னாளில் இவர்கள் கைக்கு வந்தன. வெளிச்சம் புகாத பாத்திரம் என்பதால், வெயில் பட்ட பீரில் எழும் நாற்றத்துக்கு அதில் வழியே இல்லை. ஆனால் முன்பு அதிலிருந்த ரூட் பியர் என்னும் குளிர்பானத்தின் வாசனை ரப்பர் வளையங்களில் ஊறிக் கிடக்கும். எத்தனை கழுவினாலும் போகாது; வளையங்களையே மாற்ற வேண்டும்.

வெண்ணெய்க்கு வருவோம். அந்த மணத்தைத் தருவது டையசெட்டில்; நிஜ வெண்ணெயில் மணப்பதும் அதுவேதான். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும், சிலருக்கு எவ்வளவு இருந்தாலும் தெரியாது. ஆகவே இதைத் தனியாக முகர்ந்து தீர்ப்புச் சொல்லாமல் இன்னொரு மூக்கையும் கூப்பிட்டுக்கொள்வது நல்லது.

புளிக்கும்போது இதற்கு மூலமான பொருளை வெளியே விடுவது ஈஸ்ட். அது டையசெட்டிலாக மாறியபின் திரும்ப உறிஞ்சிக்கொள்வதும் அதே ஈஸ்ட்தான். அதற்கு வெதுவெதுப்பும் அவகாசமும் வேண்டும். அவசரப்பட்டுக் குளிர வைத்தால் ஈஸ்ட் உறங்கிவிடும், வெண்ணெய் தங்கிவிடும். அதனால்தான் லாகர் வகை பீர் காய்ச்சுபவர்கள் புளிப்பு முடியும் தறுவாயில் சூட்டை 16, 18 டிகிரிக்கு உயர்த்தி இரண்டு மூன்று நாள் விடுகிறார்கள்.

கெக்கில் நிரப்பும் முன் செய்யும் ஒரு சோதனை எனக்கு மிகப் பிடிக்கும். இரண்டு கிளாஸில் கொஞ்சம் பீர் எடுத்து மூடி, ஒன்றை மட்டும் 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைக்கிறார்கள். பிறகு இரண்டையும் ஒரே சூட்டுக்கு ஆற்றி முகர்கிறார்கள். சூடு கண்டதில் மட்டும் வெண்ணெய் எழுந்தால், பின்னால் வெளிப்படக் காத்திருக்கும் மூலப்பொருள் உள்ளே இருக்கிறது என்று பொருள். ஈஸ்ட்டுக்கு இன்னும் சில நாள் கொடுக்க வேண்டியதுதான். அடுத்த மாதம் வரப்போகும் குற்றத்தை இன்றைக்கே மூக்கில் காட்டிவிடுகிற இந்தச் சோதனைக்கு அடுப்பும் இரண்டு கிளாஸும் போதும்.

குழாயில் பிறக்கும் வெண்ணெய் வேறு கதை. அது அங்கே குடியேறிய பாக்டீரியாவின் வேலை. கூடவே லேசான புளிப்பும் வரும். காரக் கரைசலை ஓடவிட்டு, டேப்பைக் கழற்றித் தேய்த்தால் தீரும்.

பீரில் சில சமயம் எழும் நனைந்த அட்டை வாசனைக்குத்தான் மருந்து இல்லை. நிரப்பும்போது உள்ளே புகுந்த காற்று செய்யும் வேலை அது. கெக் முழுக்கக் கிருமிநாசினி நீரை நிரப்பி, அதைக் கரியமில வாயுவால் வெளியே தள்ளி, அந்த வாயு மட்டுமே நிறைந்த கெக்கில் பீரை இறக்குபவர்களின் பொறுமைக்கு என் வணக்கம்.

செக் நாட்டு லாகரில் மெலிதான வெண்ணெயைக் குறையாகக் கொள்வதில்லை. அங்கே மால்ட்டின் இனிப்போடு அது இழைந்து போகிறது, எனக்கும் சம்மதமே. ஹாப்ஸ் மணக்க வேண்டிய ஐபிஏவில் அதே வெண்ணெய் வந்தால் மன்னிக்க மாட்டேன். நன்றாகப் புளித்துக்கொண்டிருக்கும் இளம் பீரைக் கொஞ்சம் கெக்கில் சேர்த்து, குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைக்கச் சொல்வேன். புது ஈஸ்ட் வெண்ணெயைத் தின்றுவிடும்.