கொமோடோ உடும்பும் மலேயோப் பறவையும்

இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பும், அந்நாட்டின் சுலவேசித் தீவில் தரையில் இரைதேடி வாழும் மலேயோப் பறவையும் தோற்றத்தில் சற்றும் ஒவ்வாதவை எனினும், முட்டைகளை மண்ணில் புதைத்து, கருவை வளர்க்கும் பணியை நிலத்தின் வெப்பத்திடம் ஒப்படைப்பதில் ஒன்றுபடுகின்றன. மூன்று மீட்டர் வரை நீளும் கொமோடோ, மண்ணையும் சருகையும் குவித்து முட்டையிடும் மேட்டுக்கோழிகளின் பழைய மேடுகளிலும் குழி தோண்டி முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சுகள், முதிர்ந்த உடும்புகளுக்கு இரையாகாதிருக்க மரமேறி வாழ்கின்றன. மலேயோவோ, கோழி முட்டையைவிடப் பன்மடங்கு பெரிய முட்டையை வெயிலோ புவிவெப்பமோ சூடாக்கும் மணலில் புதைத்துவிட்டு நீங்க, குஞ்சு தானே மணலைக் கிளறி மேலேறி, வெளிவந்த சிறிது நேரத்திலேயே பறக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2021இல் கொமோடோவை அருகிய இனமாகவும், முட்டைத் திருட்டால் குன்றிவரும் மலேயோவை மிக அருகிய இனமாகவும் வகைப்படுத்தியது. முட்டையிடும் நிலத்தைக் காவாமல் இவ்விரண்டையும் காத்தல் இயலாது.