பழைய அயர்லாந்துப் படங்களை ரசிப்பது எப்படி?

வைக்கோல் கூரை வீடு, வாசலில் சால்வைக்குள் ஒடுங்கிய ஒரு பாட்டி, பின்னால் மலை. பழைய அயர்லாந்துப் புகைப்படம் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பார்த்தவுடன் மனம் பாட்டியின் முகத்தில் நின்றுவிடும். அங்கே நிற்காமல் படத்தின் ஓரங்களுக்குப் போங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

காரணம் இருக்கிறது. இந்தப் படங்களில் பல விற்பதற்காக எடுக்கப்பட்டவை. டப்ளினில் சாக்வில் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த வில்லியம் லாரன்ஸுக்காக ராபர்ட் ஃபிரெஞ்ச் என்ற புகைப்படக்காரர் ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்தார். சுற்றுலாப் பயணிகள் வாங்கும் அஞ்சலட்டைகளுக்கும் ஆல்பங்களுக்கும் அவை தேவைப்பட்டன. 1916இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த ஈஸ்டர் எழுச்சியின்போது ஸ்டூடியோ அழிந்தது. வேறிடத்தில் வைத்திருந்த கண்ணாடித் தகடுகள் பிழைத்துக்கொண்டன. சுமார் 40,000 தகடுகள் கொண்ட அந்தத் தொகுப்பு இன்று அயர்லாந்து தேசிய நூலகத்தின் சொத்து; அதில் பல படங்களை இணையத்திலேயே பார்க்கலாம்.

வாங்குகிறவரை நினைத்து ஃபிரெஞ்ச் நடுவில் வைத்தது மலையையும் பாட்டியையும். வெறுங்கால் பிள்ளைகளும், கழுதை முதுகில் தொங்கும் கூடைகளும், சுவரில் சாய்த்து வைத்த மண்வெட்டியும் அவர் கேட்காமலே உள்ளே வந்துவிட்டவை. எனக்கு அவைதான் பொக்கிஷம்.

அந்தச் சாமான்களை நேரில் பார்க்க மேயோ மாவட்டத்துக்குப் போக வேண்டும். காசில்பார் நகருக்கு அருகே டர்லோ பார்க்கில் 2001இல் திறக்கப்பட்ட நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகம் இருக்கிறது. தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு கிளை; நுழைவுக் கட்டணம் கிடையாது. மன்னர்களின் பொன் நகைகளைத் தேடி வருகிறவர்கள் டப்ளினுக்குப் போகட்டும். இங்கே இருப்பவை 1850 முதல் 1950 வரை சாதாரணக் குடும்பங்கள் புழங்கிய பொருள்கள்.

உதாரணத்துக்கு ஸ்லேன். அடுப்பெரிக்கும் பீட் என்ற கரிமண்ணைச் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டும் கருவி. குறுகலான இரும்பு அலகு. அதன் ஒரு விளிம்பிலிருந்து செங்கோணமாக ஒரு சிறகு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சிறகு இருப்பதால் ஒரே அழுத்தில் இரண்டு பக்கமும் அறுபட்டுச் செங்கல் மாதிரி ஒரு கட்டி பெயர்ந்து வரும். ஒருவர் வெட்டி வீச, இன்னொருவர் கையில் வாங்கி அடுக்குவார். வெட்டிய கட்டியின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர். இதைத் தெரிந்துகொண்டு பீட் வெட்டும் படத்துக்குத் திரும்புங்கள். கட்டியைக் கையில் வாங்குகிறவர் ஏன் அப்படி முதுகை வளைத்து நிற்கிறார் என்பது புரிந்துவிடும். கருவியில் உழைத்தவரின் முகம் இல்லை; படத்தில் அலகின் கூர்மை தெரியாது. இரண்டையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும்.

நிறத்தையும் நம்பிவிடாதீர்கள். அக்காலத்துத் தகடுகள் சிவப்பை உணராதவை. சிவப்புப் பாவாடை கட்டிய பெண் படத்தில் கிட்டத்தட்டக் கறுப்பில் நிற்பாள். ‘பாவம், எப்போதும் துக்கத்தில் இருந்த மக்கள்’ என்ற நம் எண்ணத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1913இல் மார்கெரித் மெஸ்பூலே, மாதலேன் மிஞோன் என்ற இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் வங்கியாளர் ஆல்பர்ட் கானின் உலகப் புகைப்படத் திட்டத்துக்காக அயர்லாந்துக்கு வந்தார்கள். கொண்டுவந்தது ஆட்டோகுரோம் வண்ணத் தகடுகள். உருளைக்கிழங்கு மாவின் நுண்துகள்களில் ஆரஞ்சு, பச்சை, ஊதாச் சாயமேற்றிக் கண்ணாடியில் பரப்பியவை அவை. கால்வே நகரை ஒட்டிய கிளாடா மீனவர் குப்பத்தில் அவர்கள் எடுத்த படங்களில் அந்தச் சிவப்பு பளீரென்று எரிகிறது. தகட்டில் ஒளி பதியச் சில விநாடிகளாவது ஆகும் என்பதால் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். அந்த இறுக்கத்தைச் சோகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளாடாவின் கூரை வீடுகளை 1930களில் இடித்துவிட்டார்கள். அந்தத் தெருக்களை வண்ணத்தில் காண இந்தத் தகடுகளை விட்டால் நமக்கு வேறு வழி அரிது.

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரைப் படங்களில் பாவாடை கட்டிய குழந்தைகளைப் பெண்பிள்ளைகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆரன் தீவுகளில் ஆண்பிள்ளைகளும் பத்துப் பன்னிரண்டு வயது வரை கம்பளிப் பாவாடைதான் கட்டினார்கள். ஆண் குழந்தைகளைத் தூக்கிப் போகும் மாயத் தேவதைகளை ஏமாற்ற என்று ஊரில் சொல்வார்கள்.

லாரன்ஸ் தொகுப்பில் அஞ்சலட்டை அழகு துளியும் இல்லாத படங்களும் உண்டு. 1888இல் கிளேர் மாவட்டத்து வாண்டலூர் பண்ணையில் குத்தகைதாரர்களை வெளியேற்றியபோது எடுத்தவை அவற்றில் அடங்கும். மூன்று மரங்களை முக்காலியாக நிறுத்தி, நடுவில் ஒரு பெரிய கட்டையைத் தொங்கவிட்டு, அதை ஆட்டிச் சுவரை இடித்திருக்கிறார்கள். ஜன்னல்களில் முள்செடிகளைத் திணித்து வைத்திருக்கிறது உள்ளே இருந்த குடும்பம். இந்தப் படங்களை அவசரமாகக் கடக்கக் கூடாது. சுற்றி நிற்கும் சிப்பாய்கள், போலீஸ்காரர்களின் எண்ணிக்கையும் வீட்டின் அளவும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருந்தாமல் இருக்கின்றன என்று பாருங்கள்.

படமே எடுக்கப்படாத துயரமும் உண்டு. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். கேமரா அப்போது புதிது, செலவும் அதிகம். பட்டினி கிடந்த குடிசைகளுக்கு அது போகவில்லை. அங்கே பொருள்கள்தான் சாட்சி. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவச் சமயக் குழுவினர் கஞ்சி காய்ச்சக் கொடுத்த பெரிய இரும்புக் கொப்பரைகள் சில இன்னும் இருக்கின்றன. அப்படி ஒன்றைக் கண்டால் அதன் வாயகலத்தை நிதானமாகக் கண்ணால் அளந்து பாருங்கள்.

டர்லோவுக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் ஆரம்பிக்கலாம். ஏதாவது ஓர் ஊரின் பெயரைத் தேடி, ஒரே ஒரு படத்தை எடுத்து, திரை கொள்ளுமளவுக்குப் பெரிதாக்குங்கள். ஓரத்தில் கிடக்கும் ஒரு சாமான் எதற்கு என்று கண்டுபிடிக்கும்வரை அடுத்த படத்துக்குப் போகாதீர்கள்.