பேய் மாளிகையும் மாறுகொளக் கூறலும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என நன்னூல் வகுத்துக் கூறும். அவற்றுள் குன்றக் கூறல் ஒன்று. மாறுகொளக் கூறல் மற்றொன்று. கூற வேண்டியதைக் கூறாது குறைத்துவிடுவது முன்னது. தான் முன்னர்க் கூறியதற்குத் தானே மாறாகக் கூறுவது பின்னது. இரண்டும் குற்றங்களே, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மாணவர் பலர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. கதையில் ஓரிடம் விளங்கவில்லையென்றால், ஆசிரியர் முரண்பட்டுவிட்டார் என்று எழுதி முடித்துவிடுகின்றனர். விளங்காமை வேறு, முரண் வேறு என்பதை உணர்த்த, ஏட்டில் எழுதப்படாத ஒரு கதை நல்ல சான்றாக அமைகிறது. அமெரிக்காவின் டிஸ்னிலாந்து பூங்காவிலுள்ள பேய் மாளிகையே அது.

கலிபோர்னியா மாநிலத்தின் அனஹைம் நகரில் இம்மாளிகை 1969 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பெற்றது. 1971இல் புளோரிடாவிலும் 1983இல் தோக்கியோவிலும் இதே வகை மாளிகைகள் எழுந்தன. உள்ளே நுழைவோரை உருவம் காட்டாத ஒரு குரல் வரவேற்கிறது. சன்னலும் கதவும் இல்லாத அறையொன்றின் சுவர்கள் மெல்ல நீள்கின்றன. பின்னர்ப் பார்வையாளர் சிறு வண்டிகளில் அமர்ந்து இருண்ட கூடங்களைக் கடக்கின்றனர். பளிங்குக் கோளத்துள் தலைமட்டும் தெரியும் லியோட்டா அம்மையார் ஆவிகளை அழைக்கிறார். அதன்பின் விருந்துக் கூடத்தில் பேய்கள் ஆடுகின்றன. பரணில் ஒரு மணப்பெண் நிற்கிறாள். இடுகாட்டில் பேய்கள் கூடிப் பாடுகின்றன. அங்கே வாழும் பேய்கள் 999. இன்னும் ஒருவருக்கு இடமுண்டு என்பது அக்குரல் விடுக்கும் அழைப்பு.

இக்காட்சிகளை இணைக்கும் கதை யாது? இதுபற்றி மாளிகையின் அன்பர்களிடையே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாத வழக்கு நடந்துவருகிறது. குழந்தைகள் ஏறி இறங்கும் பொழுதுபோக்கிற்கு இவ்வளவு ஆராய்ச்சியா எனச் சிலர் நகைக்கலாம். ஒன்றை மீண்டும் மீண்டும் கண்டு, அதன் பகுதிகள் பொருந்துகின்றனவா என ஆராய்வதுதான் திறனாய்வின் தொடக்கம். அவ்வகையில் இவ்வழக்கு கருதத்தக்கது.

முதலில் மாளிகை உருவான வரலாற்றை அறிதல் வேண்டும். 1950களின் பிற்பகுதியில் கென் ஆண்டர்சன் என்பார் இதற்குப் பல கதைகளை வரைந்து பார்த்தார். தன் மணப்பெண்ணைக் கொன்ற கப்பல் தலைவன் கதை அவற்றுள் ஒன்று. எக்கதையும் முடிவாக ஏற்கப்படவில்லை. 1963இல் மாளிகையின் புறத்தோற்றம் எழுந்தது; உள்ளே ஒன்றுமில்லை. 1964-65இல் நடைபெற்ற நியூயார்க் உலகக் கண்காட்சிக்கான பணிகள் கலைஞர்களை ஈர்த்துக்கொண்டன. 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி மறைந்தார். முடிவு கூறும் தலைமை இல்லாத நிலையில், கிளாட் கோட்ஸ் அச்சமூட்டும் சூழலை வேண்டினார். மார்க் டேவிஸ் நகையூட்டும் பாத்திரங்களை வேண்டினார். இருவர் கருத்தும் இடம்பெற்றன. எழுத்துரையை எக்ஸ் அடென்சியோ யாத்தார். அதனால் தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளுள் அச்சம் முற்பாதியையும் நகை பிற்பாதியையும் ஆள்கின்றன. ஒருவர் உள்ளத்தில் முழுமையாக உருவான கதை அங்கு என்றுமே இருந்ததில்லை.

இந்த வரலாறு அறிந்தவர்க்கு முதல் வழக்கின் தன்மை எளிதில் விளங்கும். வீட்டின் தலைவன் யார் என்பதே அவ்வழக்கு. கலிபோர்னிய மாளிகையின் உச்சியில் காற்றுத்திசை காட்டி பாய்மரக் கப்பல் வடிவில் உள்ளது. ஆகவே தலைவன் கடலோடியே என்பர் ஒரு சாரார். கல்லறைக் கல்லொன்றில் 'மாஸ்டர் கிரேசி' என்னும் பெயர் உண்டு. ஆகவே அவனே தலைவன் என்பர் மற்றொரு சாரார். அப்பெயரோ, மாளிகையின் மாயக் காட்சிகளை அமைத்த யேல் கிரேசி என்னும் கலைஞரைச் சிறப்பிக்கப் பொறிக்கப்பட்டது. எனினும் அன்பர்களின் கருத்து வலுப்பெற்றது. 2003இல் வெளிவந்த திரைப்படம் கிரேசியையே வீட்டுத் தலைவனாக்கிவிட்டது.

புளோரிடாவில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. அங்கே நடைபாதையில் வளையம் போன்ற உலோகத்துண்டு ஒன்று பதிந்திருந்தது. அறுத்தெடுக்கப்பட்ட கம்பம் ஒன்றின் எச்சமே அது. அதனை மணப்பெண்ணின் கணையாழி என்று அன்பர்கள் கதை புனைந்தனர். பாதையைச் செப்பனிட்டபோது அது மறைந்தது; அன்பர்கள் வருந்தினர். பின்னர் மாளிகையார் உண்மையான கணையாழி வடிவம் ஒன்றையே தரையில் பதித்துவைத்தனர்! சுவைஞரின் கற்பனை படைப்புக்குள் புகுந்து இடம்பிடித்த கதை இது. இங்கே முரண் ஏதுமில்லை. படைத்தோர் சொல்லாமல் விட்டதைப் பார்த்தோர் நிரப்பினர், அவ்வளவே. கற்பனை அன்பின் விளைவு. ஆனால் அதனைச் சான்று எனக் கொள்ளுதல் பிழை.

இரண்டாவது வழக்கு மணப்பெண்ணைப் பற்றியது. தொடக்கத்தில் பரணில் நின்ற மணப்பெண் ஒன்றும் பேசவில்லை. கையில் விளக்கு, நெஞ்சில் ஒளிரும் இதயம், அதன் துடிப்பொலி. அவள் கொல்லப்பட்டவளா, கைவிடப்பட்டவளா, காத்திருப்பவளா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தில் தேடினர். 2006இல் கலிபோர்னிய மாளிகையில் இக்குறையைத் தீர்க்க முற்பட்டனர். கான்ஸ்டன்ஸ் என்னும் பெயரும் கையில் கோடரியும் அவளுக்குத் தரப்பட்டன. ஐந்து கணவர்களை மணந்து, ஒவ்வொருவராகத் தலை துணித்த செல்வ வேட்கையினள் அவள் எனக் கதை அமைந்தது. திருமணப் படங்களில் கணவர் தலைகள் மறைந்து தோன்றின.

குன்றக் கூறல் நீங்கியது. ஆனால் மாறுகொளக் கூறல் பிறந்தது. நீளும் அறையில் 1969 முதலே ஓவியம் ஒன்று உண்டு. அதில் முதிய கைம்பெண் ஒருத்தி தன் கணவனின் கல்லறை மேல் அமர்ந்திருக்கிறாள். அவன் சிலையின் தலையில் கோடரி பதிந்துள்ளது. அவளே கான்ஸ்டன்ஸ் என்றனர். தலை துணிக்கப்பட்டவன் சிலையில், பிளந்த தலை எவ்வாறு வந்தது? முதுமை எய்தியவள் ஆவியாகும்போது இளமணப்பெண்ணாவது எங்ஙனம்? அன்பர்கள் கேட்ட வினாக்கள் இவை. இவற்றினும் பெரிய இழப்பொன்று உண்டு. பேசாத மணப்பெண்மேல் தோன்றிய இரக்கம், பேசும் கொலைகாரியிடம் தோன்றவில்லை. புதிர் விடுபட்டது, அதனோடு உணர்ச்சியும் போயிற்று. 2025இல் கலிபோர்னியாவில் கான்ஸ்டன்ஸ் அகற்றப்பட்டு வேறொரு மணப்பெண் உருவம் வைக்கப்பெற்றமை, அவ்விளக்கம் நிலைபெறவில்லை என்பதைக் காட்டும்.

மூன்றாவது வழக்கே உண்மையான முரணைப் பற்றியது. தொப்பிப் பெட்டிப் பேய் என்பது தன் தலையைக் கையிலுள்ள பெட்டிக்கு மாற்றிக் காட்டும் உருவம். 1969இல் அதன் காட்சி சரிவர அமையாமையால் விரைவில் நீக்கப்பட்டது. 2015இல் கலிபோர்னியாவில் அது பரணை ஒட்டி மீண்டும் வைக்கப்பட்டபோது அன்பர்கள் மகிழ்ந்தனர். 2023இல் புளோரிடாவிலும் அது வைக்கப்பட்டது. ஆனால் முடிவின்றி நீளும் கூடத்தருகே, லியோட்டா அம்மையாரின் சடங்குக்கு முன்னரே வைக்கப்பட்டது. உடனே எதிர்ப்பு எழுந்தது.

அவ்வெதிர்ப்பின் அடிப்படை வலியது. சடங்கிற்கு முன் பேய்கள் ஒலியாலும் அசைவாலும் மட்டுமே தம்மை உணர்த்தும். சடங்கு முடிந்த பின்னரே, அவை உருக்கொள்ளத் தொடங்கிவிட்டன எனக் குரல் அறிவிக்கும். மாளிகை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட விதி இது. முழு உருவப் பேய் முன்னரே நின்றால் அவ்வறிவிப்புக்குப் பொருள் இல்லை. சவப்பெட்டியிலிருந்து வெளிவர முயலும் கைகள் முன்னரே தெரிகின்றனவே என மறுப்போரும் உளர். அறைக் கூரையில் தொங்கும் உடலையும் அவர்கள் சுட்டுவர். தொங்குவது உடலே, ஆவியன்று. கைகளும் முழு உருவம் ஆகா என்பது எதிர்வாதம். இருதரப்பாரும் மாளிகைக்குள் உள்ளவற்றையே சான்றாகக் காட்டி வாதிடுவது குறிப்பிடத்தக்கது. கப்பல் தலைவனுக்காகவும் கணையாழிக்காகவும் நடந்த வாதங்களினும் இது உயர்ந்தது.

நன்னூல் கூறும் குற்றங்கள் நூலுக்கு உரியவை. களியாட்ட மாளிகைக்கு அவை பொருந்துமா என்று கேட்கலாம். அளவுகோல் பொருந்துமா என்பதைவிட, அதனைக் கையாளும் முறை சரியா என்பதே இங்கு வினா. இலக்கணத்தில் கூறாது விடுவது குற்றம். கலையில் அது சில வேளை சிறப்பு. ஆனால் தான் வகுத்த விதியைத் தானே மீறுதல், இலக்கணத்திலும் கலையிலும் குற்றமே.

எனவே வகுப்பறையில் ஒரு கதையை ஆராயும் மாணவன் மூன்று வினாக்களை வரிசையாகக் கேட்டல் நலம். இங்கே முரண் உள்ளதா, அன்றி மௌனம் உள்ளதா? மௌனமாயின், அதனை நிரப்பும் கருத்துக்குப் படைப்பினுள்ளேயே சான்று உண்டா? முரணாயின், படைப்பின் எந்த விதி மீறப்பட்டது? இவ்வினாக்களுக்கு விடை காணாது ஆசிரியர்மேல் பழி சுமத்துவது திறனாய்வாகாது. சான்றின்றி ஆசிரியருக்காகக் கதை கட்டுவதும் திறனாய்வாகாது. பேய் மாளிகையின் அன்பர்கள் இவ்விரு பிழைகளையும் செய்திருக்கின்றனர். புளோரிடாவில் மட்டும், தாம் விரும்பிய பேயே திரும்பி வந்தபோதும், அது நிற்கும் இடம் தவறு என்று கூறத் துணிந்தனர். விருப்பத்தினும் விதி பெரிது என்று அவர்கள் கொண்டது, தமிழ் மாணவனும் கற்றுக்கொள்ளத்தக்க பாடமாகும்.