மடுவும் மன்னாரும்: கணினியின் எழுத்தொழுங்கு பற்றிய ஒரு குறிப்பு

பேசாலை, முருங்கன், அரிப்பு, மடு, மன்னார் என மன்னார்ப் பிரதேச ஊர்ப்பெயர்களைத் தொகுக்கும் ஆய்வாளர் ஒருவர், ஒவ்வோர் ஊர் பற்றிய குறிப்பையும் அவ்வூரின் பெயர் தாங்கிய தனிக் கோப்பாக லினக்ஸ் கணினியில் வைத்துள்ளார் எனக் கொள்வோம். மகர வரிசையின் முற்பகுதியைப் பிரித்தெடுக்க, ம[க-ம]* என்னும் பெயர்க்கோலத்தை அவர் கட்டளை வரியில் இடுகிறார். முதலில் மகரம், அடுத்து ககரம் முதல் மகரம் வரையுள்ள ஏதேனுமொன்று, அதன்பின் எதுவும் வரலாம் என்பது இதன் பொருள். மடு இதனுள் அடங்கும். மன்னார் அடங்குமா?

விடை கோப்பில் இல்லை. ‘லோக்கேல்’ எனப்படும் மொழிச்சூழல் அமைப்பிலேயே உள்ளது. இலங்கைத் தமிழுக்கான மொழிச்சூழலில், நெடுங்கணக்கின்படி னகரம் மெய்வரிசையின் இறுதியில் நிற்பதால் மன்னார் விடுபடும். வெறும் யூனிகோட் குறியெண் ஒழுங்கைப் பின்பற்றும் சூழலிலோ னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே நிற்கிறது, மன்னார் உட்படும். கட்டளை கோப்புகளைப் பட்டியலிடுவதாயின் இது சிறு குழப்பமே. அழிப்பதாயின் ஓர் ஊரின் குறிப்பே மறைந்துபோகும்.

இக்குறியெண் ஒழுங்கு, னகரத்தையே எழுத்துக்களின் எல்லையாகக் கொண்ட தொல்காப்பிய மரபிற் பிறந்ததன்று. 1991இல் வெளிவந்த யூனிகோட், இந்திய எழுத்துக்களுக்கான இஸ்கி நியமத்தின் 1988ஆம் ஆண்டு வடிவைத் தழுவியது. அந்நியமமோ தேவநாகரி வரிசையிலே ஏனைய எழுத்துமுறைகளையும் நிறுத்தியது. னகர றகரங்கள் நகர ரகரங்களின் அருகே செருகப்பட்டமை இதன் விளைவே.

ஆங்கிலத்திலும் இத்தகைய இடர் இருந்தது. சிற்றெழுத்துக்களுக்கென இட்ட வீச்சினுள் சில மொழிச்சூழல்களிற் பேரெழுத்துக்களும் புகுந்தன. ‘சி’ என்னும் அடிப்படைச் சூழலை இட்டால் இடர் தீரும் என்பது நிரலாளரின் வழமையான அறிவுரை. 2019இல் வெளிவந்த பாஷ் 5.0 பதிப்பும் ஆஸ்கி வீச்சுக்களுக்கு அவ்வொழுங்கையே இயல்பாக்கியது. தமிழைப் பொறுத்தவரை இவ்வறிவுரை நாம் ஏற்கத்தக்கதன்று. ‘சி’ சூழலில் எழுத்தென்பது ஒரு பைட். யூடிஎப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஆகவே, ஓர் எழுத்தைக் குறிக்கவேண்டிய கேள்விக்குறியை மன்னாருக்காக 21 தடவை இடவேண்டியுள்ளது! தமிழ்ச் சூழலில் 7 போதும். அதுவும் நிறைவானதன்று, புள்ளியையும் காலையும் தனியெழுத்தாக எண்ணுவதால் வந்த தொகை அது. அரிச்சுவடி பயிலும் பிள்ளை எண்ணினும் அப்பெயரில் எழுத்து நான்கே.

இந்நிலையில் வீச்சைத் தவிர்த்து, வேண்டிய எழுத்துக்களை ஒவ்வொன்றாக எழுதுவதும், நிரலின் தொடக்கத்திலேயே யூடிஎப்-8 மொழிச்சூழலை வெளிப்படக் குறிப்பதும் தக்கன. ம[டன]* என எழுதின், அத்தகைய எச்சூழலிலும் மடுவும் மன்னாரும் ஒருங்கே கிடைக்கும்.