மருட்கையும் மெய்யுணர்வும்

கற்பனை மெய்ம்மையை மறைக்கின்றதா, காட்டுகின்றதா என்பது திறனாய்வு உலகில் நெடுநாளாக நின்று வரும் வினா. சங்கச் செய்யுளைப் போற்றுவார் பலர், அது கற்பனை கலவாதது, கண்டதைக் கண்டவாறே கூறுவது, ஆதலின் உயர்ந்தது என்பர். பிற்காலக் காப்பியங்களைக் குறை கூறுவார், அவை கற்பனை மிக்கவை, ஆதலின் மெய்ம்மையினின்று விலகியவை என்பர். புகழ்வாரும் இகழ்வாரும் ஒரு கொள்கையை ஆராயாமலே உடன்படுகின்றனர். கற்பனை வளர மெய்ம்மை தேயும் என்பதே அக்கொள்கை. அது பொருந்துமா என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாட்டு அன்று. நம் முதுகலை மாணவர் குறிஞ்சிப்பாட்டைக் கையில் எடுத்தால் கபிலர் கூறும் 99 மலர்களையும் அட்டவணைப்படுத்துகின்றனர். பட்டினப்பாலையை எடுத்தால் துறைமுகத்தில் வந்திறங்கிய பண்டங்களை எண்ணுகின்றனர். இவை வேண்டும் பணிகளே. இவற்றைப் பழித்தல் நம் கருத்தன்று. ஆயின் செய்தியைப் பிழிந்தெடுத்தபின் எஞ்சும் உவமையும் வியப்பும் சக்கையென ஒதுக்கப்படுகின்றன. யானும் ஆய்வுப்பட்டத்திற்கு உழைத்த நாளில் இம்முறையிலேயே குறிப்பேடுகளை நிரப்பியவன். ஒதுக்கிய பகுதியிலேதான் புலவன் கண்ட மெய்ம்மை பெரிதும் தங்கியிருந்தது என்பதைப் பின்னர்ப் பாடம் சொல்லப் புகுந்தபோதே உணர்ந்தேன்.

இருவகை வழக்கு

தொல்காப்பியர் அகத்திணையியலில் புலனெறி வழக்கத்தின் இயல்பு கூறுங்கால், நாடக வழக்கினையும் உலகியல் வழக்கினையும் ஒருங்கு வைக்கின்றார். சுவைபட வருவனவற்றையெல்லாம் ஓரிடத்து வந்தனவாகத் தொகுத்துக் கூறுவது நாடக வழக்கு என்பது இளம்பூரணர் தரும் விளக்கம். உலகியல் வழக்காவது உலகத்தார் ஒழுக்கத்தோடு ஒத்து வருவது. இவ்விரண்டனுள் ஒன்று மெய், மற்றொன்று பொய் என்று ஆசிரியர் பிரித்தாரல்லர். இரண்டும் கூடிய இடத்தையே பாடலுக்கு உரிய இடமாகக் கொண்டார்.

இவ்விணைப்பின் பொருள் என்னை? உலகில் காதல் நிகழ்ச்சிகள் சிதறிக் கிடக்கின்றன. ஓரிடத்தே ஒரு பார்வை, வேறோரிடத்தே ஒரு பிரிவு, மற்றோரிடத்தே ஓர் ஊடல். அவற்றுள் எதனையும் தனியே கண்டவன் காதலின் முழுமையைக் கண்டவனாகான். நிலமும் பொழுதும் புள்ளும் பூவும் இயையத் தொகுத்து நிறுத்திய வழியே அதன் முழு வடிவம் தோன்றுகின்றது. அவ்வாறு தொகுப்பது கற்பனையின் தொழில். ஆகவே, சங்கப் பாடல் கற்பனை கலவாதது என்பார் அதன் இலக்கணத்தையே மறந்தாராவர்.

மருட்கையின் நிலைக்களன்

மெய்ப்பாட்டியலுள் நகை முதலாக உவகை ஈறாகக் கூறப்படும் எட்டனுள் மருட்கையும் ஒன்று. மருட்கையாவது வியப்பு. இதற்கு நிலைக்களன் நான்கு என்பர் ஆசிரியர். முன் காணாததைக் காணும் புதுமையும், அளவிறந்ததைக் காணும் பெருமையும், மிக நுண்ணியதைக் காணும் சிறுமையும், ஒன்று வேறொன்றாய் விளையக் காணும் ஆக்கமும் அவை. இந்நான்கோடு மதிமை சாலாமை என்னும் அடையினையும் மருட்கைக்குச் சேர்க்கின்றார்.

மதிமை சாலாமை என்பதனை அறியாமை என்றே கொண்டு, அறிவில்லாதவனுக்கு உண்டாவது வியப்பு என்று கூறிவிடுதல் எளிது. அங்ஙனம் கொள்ளின் நான்கு நிலைக்களன்களும் நிலைபெறா. பழையது இன்னதென அறிந்தவனுக்கே புதுமை புலனாகும். அளவு அறிந்தவனே ஒன்று அளவைக் கடந்தது எனக் காண்பான். விதையின் வடிவை உற்று நோக்கியவனுக்கே மரத்தின் ஆக்கம் வியப்பாகும். நோக்காதவனுக்கு விதையும் வெறும் பொருள், மரமும் வெறும் பொருள். ஆதலின் மருட்கை அறிவுக்கு முற்பட்ட நிலை அன்று. அறிவு சென்ற எல்லை வரை சென்று, அப்பால் நிரம்பாது நிற்கும் நிலையே மதிமை சாலாமை என்க. அறியாதவனுக்கு எல்லை எங்கே உள்ளதென்பதே தெரியாது.

அளந்தவரும் வியந்தவரும்

இவ்விளக்கத்திற்குச் சான்றாவது புறநானூற்று முப்பதாம் பாட்டு. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. ஞாயிற்றின் வழியையும் அதன் விரைவையும், காற்றுச் செல்லும் திசையையும், பற்றுக்கோடின்றி நிற்கும் வானத்தையும் தாமே நேரிற்சென்று அளந்து வந்தார் போல இவ்வளவின என்று கூறுவாரும் உளர் எனப் புலவர் தொடங்குகின்றார். அத்தகையோர் அறிவாலும் எட்டாதபடி நலங்கிள்ளி தன் வலிமையை உள்ளடக்கி வைத்துள்ளான் என்றும், யானை தன் கவுளில் மறைத்து வைத்த கல்லைப் போன்றது அவ்வடக்கம் என்றும் மேற்செல்கின்றார்.

இங்கே கருதத்தக்கவை இரண்டு. வானத்தை அளப்பாரைப் புலவர் எள்ளவில்லை. அவர் உளர் என்று ஒப்புகின்றார். அளவை நிகழ்ந்த பின்னரும் எஞ்சும் ஒன்றை நோக்கியே அவர் வியப்பு எழுகின்றது. அவ்வெச்சம் வானத்திற்கு அப்பால் உள்ளதன்று. எதிரே அமர்ந்திருக்கும் மனிதனுக்குள் உள்ளது. இது முதலாவது.

அகத்துள் அடங்கிய ஆற்றலுக்கு நிறையும் இல்லை, நீளமும் இல்லை; அதனை நேரே காட்ட இயலாது. கவுளில் அடக்கிய கல் என்னும் உவமை வந்த உடனே, எறியும் நேரம் வரை பிறர் கண்ணுக்குப் புலப்படாத ஆற்றல் கண்முன் நிற்கின்றது. வேறு வழியால் அறிய முடியாத ஓர் உண்மையை அறியும் கருவியாக இங்கே கற்பனை பயன்படுகின்றது. இது இரண்டாவது. இவ்வுவமையைச் சக்கையென ஒதுக்கி, பண்டைத் தமிழர்க்கு வானநூல் அறிவு உண்டு என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும் ஆய்வாளர், பாட்டின் முற்பகுதியை எடுத்து உயிரை விட்டவராவர்.

நாரையும் பனங்கிழங்கும்

தனிப்பாடல்களுள் சத்திமுற்றப் புலவரது நாரைவிடு தூதினை அறியாதார் இலர். வறுமையால் ஊர் விட்டு மதுரை வந்து குளிரில் வருந்தும் புலவர், செங்கால் நாரையை விளித்துத் தம் மனைவிக்குச் செய்தி விடுக்கின்றார். நாரை தூது செல்லாது என்பது அவரும் அறிந்ததே. ஞாயிறு, திங்கள், கடல், மரம், புள் முதலியவற்றைக் கேட்பன போலவும் சொல்லுவன போலவும் கொண்டு கூறுவதைத் தொல்காப்பியர் செய்யுளியலில் வரையறுத்திருத்தலின், இது மரபு பற்றிய கற்பனை.

இக்கற்பனைக்குள் அமைந்த மெய்ம்மையை நோக்குக. நாரையின் அலகுக்குப் புலவர் கூறும் உவமை பிளந்த பனங்கிழங்கு. அடி பருத்து நுனி கூர்த்த கிழங்கு நீளவாட்டில் இரண்டாகப் பிளவுபடுங்கால், மேலலகும் கீழலகும் அப்படியே அமைகின்றன. பனங்கிழங்கைக் கையால் பிளந்து தின்றறிந்தவனும், நாரையை அருகிருந்து பார்த்தவனும் ஆகிய ஒருவனுக்கே இவ்வுவமை தோன்றும். மேலும், அப்பறவை பெடையோடு தெற்கே குமரியில் நீராடி வடதிசைக்கு மீள்வதாகப் பாட்டு கூறுகின்றது. செவ்வலகும் செங்காலும் வெள்ளுடலும் உடைய நாரையினம் ஒன்று பனிக்காலத்தே வடக்கிருந்து இந்தியாவிற்கு வந்து, கோடை முதிருமுன் மீள்கின்றது என்பது பறவை நூலார் கண்ட உண்மை. பாட்டின் நாரை அதுவே எனக் கொள்ளின், புலவரது கற்பனை பறவையின் வாழ்க்கையோடு எத்துணை நெருங்கி நிற்கின்றது என்பது விளங்கும்.

ஈரச் சுவரும் கூரையும் உடைய வீட்டில் பல்லியின் ஒலிக்குக் காத்திருக்கும் மனைவியும், பேழையுள் அடைபட்ட பாம்பு போல மூச்செறிந்து கிடக்கும் கணவனும் நம் கண்முன் வருவது இத்தூதின் வாயிலாகவே. ‘யான் வறியன், குளிரால் வருந்துகின்றேன்’ என்று உள்ளதை உள்ளவாறே கூறியிருப்பின் அது ஒரு விண்ணப்பமாக முடிந்திருக்கும். பொய்யான தூது மெய்யான வறுமையை அறிவித்தது.

இல்பொருளால் உள்பொருள்

அணி நூலார் இல்பொருள் உவமை என ஒன்று கூறுவர். உலகில் இல்லாத ஒன்றைக் கொண்டு உள்ள ஒன்றை விளக்குவது அது. மனத்தை அடக்கும் வலிமையில்லாதவன் மேற்கொண்ட தவவேடத்திற்கு வள்ளுவர் காட்டும் உவமை, புலித்தோலைப் போர்த்துப் பயிரை மேயும் பசு. அத்தகைய பசுவை எவரும் கண்டதில்லை. பொய்த் தவசியையோ ஒவ்வொரு தலைமுறையும் கண்டிருக்கின்றது. காணாத பசுவே கண்ட மனிதனை அடையாளம் காட்டுகின்றது.

இம்முறை புலவர்க்கே உரியது எனக் கருதற்க. ஐன்சுடைன் தம் பதினாறாம் அகவையில், ஒளிக்கதிரை அதே விரைவில் தொடர்ந்து ஓடினால் என்ன காணப்படும் என்று எண்ணிப் பார்த்ததாகப் பிற்காலத்தே எழுதியுள்ளார். அவ்வாறு ஓடினார் எவரும் இலர், ஓடவும் இயலாது. ஆயின் அவ்வினா நெடுநாள் உள்ளத்தே கிடந்து, 1905ஆம் ஆண்டு வெளிவந்த சார்புக் கொள்கைக்கு ஒரு வித்தாயிற்று. கணக்கும் ஆய்வும் அதனை முடித்து வைத்தன. தொடங்கி வைத்தது நிகழ முடியாத ஒன்றைப் பற்றிய எண்ணம்.

பெருமையும் சிறுமையும் ஒருங்கே

திருவாசகத்துள் திருவண்டப்பகுதி, அண்டங்களின் விரிவைக் கூறுமிடத்து நூற்றொரு கோடிக்கும் மேற்பட்டன என எண்ணால் உணர்த்தி, இறைவனை நோக்க அவை வீட்டினுள் நுழையும் வெயிற்கதிரில் நெருங்கித் தோன்றும் நுண்துகள்களை ஒக்கும் என்கின்றது. மருட்கையின் நிலைக்களன்களுள் பெருமையும் சிறுமையும் இங்கே ஒருங்கே வந்தன. கோடி என்னும் எண் அறிவுக்கு எட்டினும் உள்ளத்திற்கு எட்டுவதில்லை. கூரைத் துளை வழியே விழும் வெயிலில் மிதக்கும் தூசி எல்லாரும் சிறுவயது முதல் கண்டது. அதனைக் காட்டிய அளவில் எண் உணர்வாகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறல் கடன். மணிவாசகர் இற்றை வானநூலை முன்னரே உணர்ந்து பாடினார் என்று மேடைகளில் முழங்குவார் உளர். அது அடிகளுக்குப் பெருமை சேர்ப்பதன்று. வானநூலாரின் முடிபு, தொலைநோக்கியாலும் கணக்காலும் பெற்றது. சான்று மாறின் மாறுவது. அடிகள் தருவது, அளவிறந்ததன் முன் மனிதன் தன்னை எவ்வாறு உணர்கின்றான் என்னும் உண்மை. இரண்டையும் ஒன்றென மயக்கின், அறிவியலும் கெடும், இலக்கியமும் கெடும். செய்தியை மட்டும் பிழிந்தெடுப்பதன் வேறொரு வடிவே இதுவும்.

கற்பனையின் உரைகல்

அங்ஙனமாயின் எல்லாக் கற்பனையும் மெய் காட்டுமா என்று வினவலாம். காட்டாது. இடை உண்டோ இல்லையோ என ஐயுறுவதை முதலில் பாடிய புலவன் எதையோ கண்டு வியந்திருப்பான். அவனைப் பின்பற்றிக் கோவையும் உலாவும் பாடியோருள் பலர், முன்னோர் பாட்டைக் கண்டனரேயன்றிப் பெண்ணைக் கண்டாரல்லர். வியப்பு நீங்கிய வழிக் கற்பனை வாய்பாடாகின்றது. வாய்பாடு எதனையும் காட்டாது. கண்ணை மூடிக்கொண்டும் அதனைச் சொல்லலாம்.

எப்பொருளும் எத்தன்மைத்தாய்த் தோன்றினும் அதன் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் கோட்பாடு. கற்பனைக்கும் அதுவே உரைகல். பாட்டைப் படித்தபின் நாம் மீண்டும் பொருளிடம் செல்கின்றோமா, செல்லின் முன்னினும் தெளிவாக அதனைக் காண்கின்றோமா என்று நோக்குதல் வேண்டும். பனங்கிழங்கு நம்மை நாரையிடம் அனுப்புகின்றது. கவுட்கல் நம்மை அடங்கிய மாந்தரிடம் அனுப்புகின்றது. அனுப்பாதது புனைசுருட்டு.

இதுகாறும் கூறியவாற்றால், மருட்கை அறிவின் எல்லையில் தோன்றுவது என்பதும், அவ்வெல்லைக்கு அப்பால் அறிவு அடியெடுத்து வைக்கக் கற்பனை துணையாவது என்பதும், வியப்பற்ற கற்பனையே மெய்ம்மைக்குப் பகை என்பதும் பெறப்படும். சங்கப் பாடல்களில் ஆராய்ச்சி செய்யப் புகும் மாணவர் செய்திகளைத் தொகுக்கட்டும், அட்டவணையும் இடட்டும். உவமை வரும் இடத்தில் மட்டும் சற்றே எழுதுகோலை நிறுத்தி, இப்புலவன் எதனைக் கண்டு இவ்வாறு கூறினான் என்று தம்மைத் தாமே வினவிக் கொள்ளட்டும். அவ்வினாவிற்கு விடைகாண நூலகத்தை விட்டு வெளியே சென்று ஒரு நாரையைப் பார்க்க நேரின், அதுவும் ஆராய்ச்சியே.